உம்மாவின் கதவு

மட்டாஞ்சேரி

தம்பிக்கு,

விண்வெளி நிலையம் மாதிரியே கட்டிய அந்த மூடிய அறையை விட்டு நீ வெளியே வந்ததும் இதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். "வீட்டுல என்ன நடந்தாலும் பயிற்சி முடியற வரைக்கும் என்கிட்ட சொல்லக் கூடாது" என்று போகும்போது சொன்னாய். நிலையத்துக்கே போனாலும் இதுதான் முறை என்றாய். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆனாலும் நீ கேட்டபடியே எதையும் சொல்லியனுப்பவில்லை.

கொச்சங்காடிக் கடையை இப்போது நான்தான் திறக்கிறேன். மிளகு மூட்டை இறக்க அன்சார் வருகிறான். வீட்டுக்குச் சாவி வாங்க வந்தால் வாசலோடு திரும்பிவிடுவான். உம்மா வெளியாள் முன்னால் வருவதில்லை, வெள்ளைத் துணி உடுத்து உள்ளறையிலேயே இருக்கிறாள். வெயிலைப் பார்க்காமல் நீங்களெல்லாம் எப்படிப் பொழுதைத் தள்ளினீர்கள் என்று உன்னிடம் கேட்க வேண்டுமாம்.

நேற்று சாயா கொடுக்கப் போனேன்.

"அவனுக்கு எப்பக் கதவு திறப்பாங்க?" என்றாள். அடுத்த வாரம் என்றேன்.

"எனக்கு இத்தாவோட நாலு மாசம் பத்து நாள் முடிஞ்சு வெளிய வர இன்னும் நாள் கெடக்கு. அவன் மொதல்ல வந்துருவான்."

மகன் அந்த அறைக்குள் வரலாம். நேராக அவளிடம் போ. கபர்ஸ்தானுக்கு மறுநாள் போனால் போதும். வாப்பா அங்கேதான் இருப்பார்.

உன் லாத்தா