சுவருக்குள் ஒரு பலகை

என்னுடையவருக்கு,

நீங்கள் பாதியில் விட்டுப்போன நிலக்கீழ் அறைச் சுவர்களுக்கு இந்த வாரம் தகரச் சட்டம் அடித்தாயிற்று. மகள் பல்கலைக்கழகம் போகிறாள், படிக்க ஓர் அறை வேண்டும்.

வேலைக்கு வந்த தயாபரன் கேட்டான். "அக்கா, பாரமா ஏதும் கொழுவப் போறியளோ? இப்பவே சொன்னால் உள்ளுக்கை ஒரு பலகை வைக்கலாம். பிளாக்கோ அட்டை அடிச்சு மூடினாப் பிறகு, வெறும் அட்டையிலை ஆணி நிக்காது."

மூலையில் துணி சுற்றிச் சாத்தியிருந்த உங்கள் படத்தை அவன் கண்டுவிட்டான். போன மாதம் லாச்சப்பலில் தமிழ்க் கடையொன்றில் பெருப்பித்துக் கண்ணாடி போட்டது. யாருடைய படத்தைத் தனியாக மாட்டிச் சிவப்பு பல்ப் எரியவிடுவோம் என்பது அவனுக்கும் தெரியும்.

"அண்ணையின்ரையோ?" என்றான். பிறகு அளவுநாடாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊரிலிருந்து மாமியை இங்கே கூட்டிவரப் போனீர்கள். போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் நீங்கள் ராணுவ பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை.

"வைச்சுவிடும் தம்பி" என்றேன்.

"எந்த உயரத்திலை?"

நீங்கள் நின்றால் முகம் வரும் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். கை தானாகவே அங்கே போயிற்று.

இப்போது சுவரை மூடிப் பூசியாயிற்று. பலகை எங்கே என்று வெளியே தெரியாது. நான் மட்டும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். படத்தின் துணியை இன்னும் அவிழ்க்கவில்லை. மகள் அதில் முட்டாமல் விலகிப் போய்வருகிறாள்.

ஆணி வாங்கி வைத்திருக்கிறேன். நீங்களே வந்து அதை அடித்து, உங்கள் சட்டையைக் கொழுவுங்கள். சுணங்காதீர்கள். இனி என்னால் முடியாது.

இன்னமும்
உங்கள் மனைவி