மருமகளுக்கு மாப்பிள்ளை தேடிய அத்தைக்கு

அத்தை,

இன்று காலை பட்டறைக்குள் நுழைந்ததும் லேத்தில் சூடேறிய கட்டிங் ஆயில் வாசனை மூக்கில் ஏறியது. உடனே உங்கள் நினைவுதான். வேறு யாருக்காவது அந்த வாசனையில் மாமியார் ஞாபகம் வருமா?

அன்று திருமுடிவாக்கத்தில் எங்கள் பட்டறை வாசலில், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றீர்கள். சர்ச்சில் பார்த்த முகம். "ஆராதனை முடிஞ்சதும் நாற்காலி அடுக்குற தம்பி நீதானே?" என்றீர்கள். அடுத்துச் சொன்னது லேத் சத்தத்தில் கேட்கவில்லை. கத்தினீர்கள். "என் மருமகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன்!" அந்த நேரம் பார்த்து யாரோ மெஷினை நிறுத்த, பட்டறை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

உங்கள் மகன் விபத்தில் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவி ஜாய்ஸ் உங்களோடுதான், விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் இருந்தாள். "அவங்க சம்மதிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"எங்கே! உங்களை விட்டுட்டுப் போகமாட்டேன்னு ஒரே அழுகை. நீ ஒரு வாட்டி வந்து பேசு. அவளுக்கு ஒத்துவரலைன்னா டீ குடிச்சிட்டுக் கிளம்பு."

அந்த டீயைக் குடிக்க எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்தேன். கடைசியில் ஒருநாள் ஜாய்ஸ், "இவருக்கு டீ போட்டுப் போட்டே கை வலிக்குது அத்தை, இங்கேயே இருக்கச் சொல்லுங்க" என்றாள்.

சர்ச்சில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்த ஞாயிறு, வாசலிலேயே உங்கள் அண்ணன் வெடித்தார். "பெத்த புள்ளையை மறந்துட்டியா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "மறக்கலண்ணா. அவன் உசுரா நேசிச்ச பொண்ணு இவ. அன்பா இருங்கன்னு ஆண்டவர் சொன்னது ஆமென் போடறதுக்கு மட்டுமா?" அவர் கல்யாணத்துக்கு வரவில்லை.

கல்யாணம் முடிந்து உங்கள் வீட்டுக்கு வந்தால், ஹாலில் உங்கள் மகன் படத்தைக் காணோம். கதவருகே உங்கள் துணிப்பை. தங்கை வீட்டுக்குக் கிளம்பி நின்றீர்கள். "புதுசா வாழப்போறீங்க. நான் எதுக்கு நடுவுல?" ஜாய்ஸ் அழத் தொடங்கினாள். எனக்கு அழகாகப் பேச வராது. "மாமியார் இல்லாத வீட்டுல நான் யாரைப் பத்திக் குறை சொல்றது?" என்று பையைப் பிடுங்கினேன். அழுகையும் சிரிப்புமாக அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள்.

பீரோவிலிருந்து படத்தை எடுத்து நானே மாட்டினேன்.

"உனக்கு உறுத்தலையாப்பா?"

"அவர் இடத்துக்கு வரல அத்தை. அவர் வீட்டுக்கு வந்திருக்கேன்."

அதற்கப்புறம் ஒன்பது வருடம். தலைக்கு மேல் விமானம் போகும்போது பேச்சை நிறுத்துவீர்கள். போனதும் விட்ட வார்த்தையிலிருந்து என்னைத் திட்டுவீர்கள். அன்பைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்கு அது புரிந்தது, உங்கள் மகன் இருந்தவரை அவருக்கென்று எடுத்துவைக்கும் ஈரல் துண்டை, கரண்டி ஒரு நொடி தயங்கி, என் தட்டில் போட்டபோதுதான்.

நீங்கள் கண்மூடியபோது, அடக்கத்துக்கு உங்கள் அண்ணன் வந்தார். எங்களிடம் பேசாமலே போனார். "அன்பு தானா வரும்னு உக்காந்திருக்காதே, எழுந்து போய்க் கேளு" என்பீர்களே, அது என்னிடம் தங்கிவிட்டது. போன ஞாயிறு பம்மலில் அவர் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்து முறைத்தார்.

"கிறிஸ்துமஸுக்கு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க மாமா."

கதவைச் சாத்தப் போனவர் நின்றார். பிறகு, "பிரியாணியா?" என்றார்.

"மட்டன்" என்றேன்.

வருகிறார், அத்தை.