ஒழுகும் தொட்டிக்குக் காவல் நின்ற கல்விக் கடிகை

மலை நிலைக்க, மழை பிழையாதிருக்க! செங்கானல் நாடுடைய கோமான் வன்னவேள் திருவுளப்படி முதலமைச்சர் காரிநம்பி எழுதுவித்த ஓலை. ஏழாயிரம் மாணாக்கரும் நானூறு ஆசிரியரும் வாழும் ஆனைமதகுப் பெருங்கடிகையின் தலைவர், ஐந்து சாத்திரம் கற்றவர், ஆறாவதையும் கற்றதாகச் சொல்லிக்கொள்பவர், பேராசான் பூதங்கண்ணனார் காண்க. கடிகையும் அதன் சோலைகளும் மிக்க நலம் என்று நீரே எழுநூறு ஏடுகளில் எழுதி அனுப்பிவிட்டமையால், நலம் விசாரிக்கும் வேலை இங்கு மிச்சமாயிற்று.

நிலத்தையும் நீரையும் மரத்தையும் உமது கடிகையைப்போல் பேணுவார் இந்நாட்டில் எவருமிலர் என்றும், ஆகவே ‘பசுமைக் காவலர்’ என்னும் பட்டமும் ஆனைமதகு ஏரியின் முதல் நீரும் கடிகைக்கே உரியவை என்றும் அவ்வேடுகளில் விண்ணப்பித்திருந்தீர். முதல் நீர் உமக்கானால் கடைமடையிலுள்ள கோரைப்பாடி ஊருக்குக் கோடையில் குடிக்கவும் நீரிராது என்பதை எழுத மட்டும் ஏட்டில் இடம் போதவில்லை போலும். பட்டம் தருமுன் நேரில் கண்டு வரும்படி மன்னர் தம் நீர்க்கண்காணி எயினியாரை அனுப்பினார்.

எயினியார் ஏரிக்கரையில் பிறந்தவர். முகத்துதிக்கு மயங்குபவர் அல்லர். வாயிலில் பூரண கும்பமும் பன்னீரும் மூன்று வாழ்த்துப்பாவும் அவருக்காகக் காத்திருந்தன. அவற்றைக் கடப்பதற்குள்ளேயே அவருக்குப் பாதிப் பொறுமை போய்விட்டது.

சேர்க்கை நாளில் மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒரு மரக்கன்று நடுவது உங்கள் வழக்கம். அவ்வகையில் இருபது ஆண்டுகளில் முப்பதாயிரம் மரம் என்கின்றன ஏடுகள். எயினியார் தெற்கு வெளியில் கண்டவை முந்நூறு குழிகள். ஒருவர் நட்டு, வணங்கி, நகர்ந்ததும், அதே கன்றைப் பிடுங்கி அடுத்தவர் கையில் கொடுப்பார்களாம். புதிதாகத் தோண்டினால் புல்வெளியின் அழகு கெடுமாம். நட்ட கணக்கு பொய்யல்ல என்று உமது ஆசிரியர் ஒருவர் நெஞ்சு நிமிர்த்திச் சொன்னபோது, எயினியார் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை அவரே அறிவார்.

மடைப்பள்ளிக்குப் பின்னே உள்ள பெருந்தொட்டியைக் கண்டதும் அந்தச் சிரிப்பும் போயிற்று. அதன் அடிச்சுவரில் கை நுழையும் விரிசல். நீர் இரவும் பகலும் ஓடிப் பள்ளத்தில் தேங்கிக் கொசுவுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. ஏன் அடைக்கவில்லை என்று வினவியதற்கு, நீரியல் ஆசான் வேட்டனார் மிக்க பணிவுடன் விடை பகர்ந்தார். ‘நீர் வீணாவதைத் தடுக்கும் நெறி’ என்னும் நூலை அவ்விரிசலை அளந்தே தாம் எழுதிவருவதாகவும், ஒன்பது ஆண்டுகள் அளந்தாயிற்று என்றும், இன்னும் மூன்றாண்டு அளக்காமல் அடைத்தால் நூல் குறைப்படும் என்றும் உரைத்தார். அளவு பிசகாதிருக்கத் தொட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டுமாம். அதற்காகவே நான்கு ஏற்றங்கள் ஓயாமல் ஏரியை இறைக்கின்றன.

கடிகையின் கொத்துவேலைக்காரி சாத்தி, அரைநாளில் அடைத்துத் தருவதாக மும்முறை கேட்டு மும்முறையும் விரட்டப்பட்டவர். எயினியாரிடம் அவர் கூறியது சொல் மாறாமல் இது: “தண்ணி வீணாப் போகக் கூடாதுன்னுதானே ஐயா எழுதுறாரு? நான் அடைக்கிறேன்னா மட்டும் ஏன் கோவம் வருது?” ஆறு சாத்திரத்தில் எதிலாவது விடையிருந்தால் தேடுக.

மறுநாள் எயினியார் கோரைப்பாடிக்கு நடந்தார். ஏரியின் கடைப்பகுதி வெடித்துக் கிடக்க, பெண்கள் அதில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டுகொண்டிருந்தனர். மதகு காப்பவர் காஞ்சி என்னும் பெண். வந்தவருக்கு நீர் தரவேண்டும் என்று, செம்மண் நீரைத் துணியில் வடிகட்டிச் செம்பில் கொடுத்தார். மறுக்கலாகாதென்று எயினியார் குடித்தார். அது அவ்வீட்டார் ஐவருக்கும் அன்றைக்கு இருந்த நீர் முழுவதும் என்பது பின்னரே தெரிந்தது. அரசவையில் எயினியார் இதைச் சொன்னார். மன்னர் உடனே இவ்வோலை எழுதப் பணித்தார்.

ஆதலால் ஆணை இதுவே. உமக்குப் பட்டம் இல்லை. ஏரியின் முதல் நீர் கோரைப்பாடிக்கே உரியது; மதகைத் திறப்பதும் அடைப்பதும் காஞ்சியின் சொற்படி நடக்கும். ஏற்றங்கள் நான்கையும் இன்றே கழற்றுக. எயினியாரோடு அரசவைக்கு வந்திருந்த சாத்தி, இவ்வோலையுடன் ஒரு கூடைச் சுண்ணாம்போடும் இரு காவலரோடும் வருகிறார். அவர் விரிசலை அடைக்கும்போது எவரும் குறுக்கே நின்று விளக்கம் உரைக்கலாகாது.

கோரைப்பாடி குடித்து எஞ்சிய நீர் கடிகைக்கு வரும். எஞ்சாவிடில், நூல் நின்றுபோயிற்றே என்று வேட்டனார் வருந்த வேண்டா. வறட்சியைப் பற்றிப் புதுநூல் தொடங்கலாம். அதற்கு வேண்டிய சான்று அவர் தொண்டையிலேயே கிடைக்கும்.

வேங்கை முத்திரை இடப்பட்டது. கண்டபொழுதே செய்க.