பூட் பாலிஷ் பூசிய விலா

ஜனவரி 18
மழை விடவேயில்லை. என் குதிரை மர்ஃபி சேற்றிலும் தடைகளை நன்றாகத் தாண்டினான். மார்ச்சில் போட்டிகள் தொடங்கும். இந்த வருடம் நாங்கள் ஒரு நிலை மேலே ஏறலாம் என்று ஃபெர்கல் சொல்லிவிட்டார். அயர்லாந்து அணிக்கே ஓட்டியவர், எங்கள் பயிற்சியாளர். அம்மா அதற்குள் ஊர் முழுக்க ஃபோன் போட்டுவிட்டாள்.

ஜனவரி 23
எழுதவே குமட்டுகிறது.

இன்று சில்க், ஃபெர்கல் பழக்கும் பெண்குதிரை, தண்ணீர்த் தடைக்கு முன் நின்று நின்று அடம்பிடித்தாள். ஃபெர்கல் விடவில்லை. அவர் இறங்கியபின் நான்தான் சேணத்தை அவிழ்த்தேன். அவர் பூட்ஸ் குதிகாலில் மாட்டியிருந்த இரும்பு முள் கிழித்து, இரண்டு விலாவிலும் ரத்தம் முடியோடு ஒட்டியிருந்தது. மதியம் அவளுடைய உரிமையாளர் வருவதாக இருந்தது. ஃபெர்கல் பழுப்பு பூட் பாலிஷை விரலால் எடுத்துக் காயத்தின் மேலேயே தடவினார். விசிலடித்துக்கொண்டு!

"என்ன பண்றீங்க? எரியாதா அதுக்கு?"

"இந்த மனச வச்சுக்கிட்டா மேல் நிலையில ஓட்டப் போற? வீட்டுக்குப் போய் முயல் வளத்துக்கோ."

உரிமையாளர் வந்ததும் ஃபெர்கலை வைத்துக்கொண்டே சொன்னேன். அந்த ஆள் விலாவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சின்னப் பொண்ணுங்களுக்கு எதப் பாத்தாலும் ரத்தம்தான்." இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார்கள்.

கை கழுவிக் கழுவிப் பார்த்தேன். பாலிஷ் நாற்றம் போகவில்லை.

ஜனவரி 24
ஃபெர்கலின் லாயத்திலிருந்து மர்ஃபியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பாவின் மாட்டுக்கொட்டகையில் ஒரு மூலை. புளித்த தீவன வாடை. குதிரையேற்றச் சங்கத்துக்குப் புகார் அனுப்பினேன்.

அம்மா: "மன்னிப்புக் கேட்டுட்டுத் திரும்பிப் போடி டெர்வ்லா. அவர விட்டா உன்னை யாரு சீந்துவா?"

மன்னிப்பு — நானா?

பிப்ரவரி 6
கடையில், தேவாலய வாசலில், எங்கே போனாலும் தோளில் தட்டல். "பயந்துட்டியாமே, பாவம்." எனக்குத் தைரியம் போய்விட்டதாக ஃபெர்கல் பரப்பியிருக்கிறார். அந்தப் பரிதாப முகங்கள்! அதில் பாதிப் பேருக்கு அவர் என்ன செய்கிறார் என்று தெரியும். த்தூ.

பிப்ரவரி 11
போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. எதற்கு?

பிப்ரவரி 17
மேவ் வந்தாள். யார், மேவ்! அதே லாயத்தில் ஃபெர்கலிடம் படிப்பவள், போன வருடம் பூராவும் என்னோடு முட்டிக்கொண்டவள். வண்டியில் அவளுடைய வெள்ளைக் குதிரை.

"என்னடி இந்த நாத்தம் நாறுது?"

"நீயும் ஆறுதல் சொல்ல வந்தியா?"

"ஆறுதலா, உனக்கா? எங்க மாமா வயல்ல தண்ணித் தடை போட்டிருக்கு. இவன் தனியா இறங்க மாட்டேங்கிறான். முன்னாடி போக ஒரு குதிரை வேணும்."

"எனக்குத்தான் பயமாச்சே. ஊரே சொல்லுது."

"ஊரு கிடக்குது. அவர் மூஞ்சிக்கு நேரா, ஆள வச்சுக்கிட்டே கேட்டவ நீ. நான்..." குனிந்து பூட்ஸ் சேற்றைச் சுரண்டினாள். "நான் எவ்ளோ நாளா பாத்துட்டு வாய மூடிட்டு இருந்தேன் தெரியுமா? இப்ப வெளிய வந்துட்டேன். சங்கத்துக்கும் எழுதிட்டேன். உன் குதிரைய ஏத்துறியா, நான் போகட்டுமா?"

ஏற்றினேன்.

மார்ச் 3
பல்லிடுக்கில்கூடச் சேறு. மர்ஃபி முன்னால், மேவின் குதிரை பின்னால், இரண்டும் யோசிக்காமல் தண்ணீரில் குதித்தன. "கடிவாளத்த இறுக்காதடி! அவன் பாத்துக்குவான்!" என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். சரிதான், இறுக்கித்தான் பிடித்திருந்தேன். ஒருவேளை கொஞ்சம் பயம் இருந்ததோ?

வீடு வந்ததும் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 22
முதல் போட்டி. ஃபெர்கலைச் சுற்றி அதே கூட்டம், அதே இளிப்பு. மர்ஃபியை வேறு பக்கமாக நடத்திக்கொண்டு போனேன். சங்கம் பதில் போடவில்லை. ஆனால் ஓடி முடித்து வந்த ஒவ்வொரு குதிரையின் விலாவையும் நடுவர் ஒருவர் வெள்ளைக் கையுறையால் தடவி, கறை ஒட்டுகிறதா என்று பார்த்தார். போன வருடம் இது இல்லை. சில்க்கின் முறை வந்தபோது ஃபெர்கல் விசிலடிக்கவில்லை.

நான் ஆறாவது. மேவ் ஏழாவது.

"உன்னை அந்த மாட்டுக்கொட்டகையிலயே அழுக விட்டிருக்கணும்டி!" என்று தொப்பியை வண்டிக்குள் எறிந்தாள். ஜனவரிக்குப் பிறகு இப்போதுதான் ஒரு ஆள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படாமல் எரிந்து விழுகிறாள்.

பிறகு வினிகர் சொட்டச் சொட்ட சிப்ஸ் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள். தின்றேன்.