கூலன்ட் விளக்கு எரியும் நாட்கள்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கொடியில் துணி இன்னும் ஈரம். அம்மாவை டயாலிசிஸ் முடித்து அப்பா கூட்டி வரும்போது வண்டியில் கூலன்ட் விளக்கு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் குறைந்தால் எரிவது, மறுபடி எரிந்ததாம். தம்பானூர் தாண்டி எரிந்து, வீட்டு வாசலில் அணைந்துவிட்டது. போன வாரம்தான் சென்சார் மாற்றினோம்.

அப்பா என்னிடம்: "ஒண்ணுமில்ல மக்களே. மழைக்கு அப்படித்தான் எரியும்." கிழக்கே கோட்டை ஸ்டாண்டில் காலமெல்லாம் டாக்ஸி ஓட்டினவர். அவரிடம் நான் என்ன சொல்ல.

வாங்க வேண்டியது: அம்மாவின் பி.பி. மாத்திரை, மிளகாய்ப்பொடி, குடை.

ஜூன் 11, புதன்

மழை இல்லை. புழுக்கம். விளக்கும் எரியவில்லை. தானாகச் சரியாகிற சாமானை நான் நம்புவதில்லை.

சாலை பஜாரில் நான் வேலை பார்க்கும் மளிகைக் கடையில் சரக்கு வந்த நாள். மல்லி மூட்டைத் தூசியில் தும்மித் தும்மியே கணக்கு எழுதினேன். வண்டியைக் காட்ட லீவு கேட்க வாயெடுத்து, முதலாளி முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். வாரம் மூன்று நாள் அம்மாவைக் கூட்டிப்போக அப்பா இருக்கும்வரைதான் எனக்கு இந்த வேலை.

ஜூன் 13, வெள்ளி

நாசமாய்ப் போன நாள். திரும்பி வரும்போது கிள்ளிப்பாலத்தில் நடுரோட்டில் வண்டி நின்றது. பானெட்டிலிருந்து ஆவி. அம்மா போன் செய்ய, கடையிலிருந்து ஓடினேன். ஒரு ஹார்டுவேர் கடைப் படியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பி.பி. விழுந்து உதடெல்லாம் வெளுப்பு. கையில் யாரோ கொடுத்த சோடா. குடிக்கவும் முடியாது, டாக்டர் சொன்ன தண்ணீர்க் கட்டுப்பாடு.

அப்பா வண்டிப் பக்கத்தில் சும்மா நிற்கிறார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. பின்னால் பஸ்காரன், "வண்டி மாத்தெடோ!" என்று ஓரமாக நகர்த்தச் சொல்லிக் கத்துகிறான். எனக்கு அப்பாமேல்தான் கோபம் வந்தது.

அம்மாவை ஆட்டோவில் வீட்டுக்கு. வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு.

ஜூன் 14, சனி

மெக்கானிக் பிஜு: "பிரஷர் போட்டு நோக்கி சேச்சி. லீக் ஒண்ணும் இல்லா. பக்ஷே டப்பாவில கூலன்ட் இல்லா, வெறும் பைப்பு வெள்ளம். ஆரு ஊத்தினது?"

குழாய்த் தண்ணீரை ஊற்றியது யாரென்று தெரியாது என்றேன். எஞ்சின் பிழைத்ததே பாக்கியமாம். புதுக் கூலன்ட் ஊற்றி மூடியை அவனே இறுக்கிக் கொடுத்தான்.

ஜூன் 15, ஞாயிறு

நானே ஓட்டிப் பார்த்தேன், பொன்முடி வரை. அப்பா வரவில்லை என்றார், அதிசயம். கொண்டை ஊசி வளைவு, மூடுபனி, செகண்ட் கியரிலேயே ஏற்றம். விளக்கு எரியவே இல்லை. மேலே டீ, பழம்பொரி. இறங்கும்போது யாருமில்லை என்று பாடிக்கொண்டே வந்தேன். சரியாகிவிட்டது.

ஜூன் 16, திங்கள்

சரியாகவில்லை.

காலையில் பல் தேய்த்தபடி ஜன்னல் வழியே பார்த்தேன். அப்பா பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவில் செம்புத் தண்ணீர் ஊற்றுகிறார். பழைய டாக்ஸிக்காரர்களுக்கு அதுதான் காலையில் முதல் வேலை. இந்த வண்டிக்கு அது கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மூடிவிட்டு உள்ளே போனார். நான் வாய் கொப்பளிப்பதற்குள் மறுபடி செம்போடு வந்தார். ஏற்கெனவே ஊற்றியது நினைவில்லை. திறந்தார், ஊற்றினார், வழிந்தது. அப்புறம் இன்னொரு தரம்.

அவர் போனபின் பார்த்தேன். மூடி சும்மா மேலே உட்கார்ந்திருந்தது, விரல் பட்டதும் நகர்ந்தது. இறுக்க மறந்த நாளெல்லாம் தண்ணீர் ஆவியாகி விளக்கு எரிந்திருக்கிறது. இறுக்கின நாள் எரியவில்லை. அவ்வளவுதான் கோளாறு.

கடைக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அம்மாவை நானே கூட்டிப்போனேன். மெஷினில் படுத்திருந்தவளிடம் அப்பாவின் மறதியைப் பற்றிக் கேட்டேன்.

"ஒனக்கு இப்பத்தான் தெரியுமா? மாசம் ரெண்டாச்சு. ரோட்டுல நான்தான் வழி சொல்லுகேன். இங்க திரும்புங்கோ, அங்க நில்லுங்கோன்னு."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா சாவியெ வாங்கிருவே. பின்னே அவியளுக்கு என்ன இருக்கு?"

கத்திவிட்டேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். வழி மறந்தவர் ஓட்ட, அரை உயிராய்க் கிடக்கிறவள் வழி சொல்ல, இந்த டிராஃபிக்கில் இரண்டு மாதம்.

ஜூன் 17, செவ்வாய்

சாவி இனி என்னிடம் இருக்கட்டும் என்றேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். சட்டைப்பையிலிருந்து எடுத்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்தார்.

"அண்ணைக்குக் கிள்ளிப்பாலத்துல பானெட்டெ எப்படித் திறக்கதுன்னு ஓர்மை வரல மக்களே."

குளியலறையில் போய் அழுதேன்.

ஜூன் 18, புதன்

தூறல். மூவருமாகப் போனோம். மறுபடி லீவு. முதலாளி போனில் "ம்" என்று மட்டும் சொன்னார். இந்த வேலை நிலைக்காது.

அப்பா பின்சீட்டில். அம்மா முன்னால் என் பக்கத்தில். ஒவ்வொரு ஜங்ஷனிலும், "நேரெ போணும்", "மெதுவா", "இங்க எடது பக்கம்." பிறந்து வளர்ந்த ஊர். எரிச்சலாக வந்தது.

"எனக்கு வழி தெரியாதாம்மா?"

"ஒனக்கா சொல்லுகேன்?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

பின்சீட்டிலிருந்து அப்பா சொன்னார்: "ஆங், திருப்பியாச்சு."