வேனுக்கு இடம் இல்லையாம்

ஆகஸ்டு 12, செவ்வாய்

செலாயாங் அபார்ட்மெண்டில் பார்த்த வீடு எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்காரரும் வாடகைக்குத் தரச் சம்மதித்துவிட்டார். பார்க்கிங் அட்டை வாங்க ஆபீசுக்குப் போனேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜன்னல் வழியாக நான் ஓட்டும் பள்ளி வேனைப் பார்த்தார். எடுத்த அட்டையைத் திரும்ப மேசைக்குள் வைத்தார்.

"வீட்டுக்கு வாங்கக்கா, பிரச்சன இல்ல. வேன் மட்டும் உள்ள நிக்கக் கூடாது லா. கார் நிக்கிற எடம். பாக்க நல்லா இருக்காது."

"தெனமும் காலையில இதே வேன்தானே உள்ள வந்து பதினோரு பிள்ளைங்கள ஏத்துது?"

"அது அஞ்சு நிமிஷம். ராத்திரி நிக்கிறது வேற."

அந்தப் பதினொன்றில் ஒன்று அவர் மகள். முன் சீட்டு வேண்டுமென்று தினமும் அடம் பிடிப்பாள். அவருக்கே தெரியும்.

இப்போதிருக்கும் வீட்டை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். அதற்கு மேல் இன்றைக்கு யோசிக்கப் போவதில்லை. ஆனால் வேனை எங்கோ ஒளித்துவைத்துவிட்டு அங்கே குடியிருக்க மாட்டேன். பன்னிரண்டு வருடமாக எனக்குச் சோறு போடும் வண்டி அது.

சாப்பிட்டு முடித்ததும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "நாளை முதல் வேன் வாசல் காவலாளி சாவடிக்கு வெளியே நிற்கும். பிள்ளைகளை நடத்திக் கூட்டிவரவும். வேன் உள்ளே வந்தால் பார்க்க நன்றாக இருக்காதாம்."

செயலாளர்தான் முதலில் படித்திருக்கிறார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. காலையில் வேன் வரும் நேரம் வரை பெய்யட்டும்.