முழந்தாளில் நின்று செய்த வேலை

என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதியும் அண்ணன் வீட்டுக்காரியுமான ஜெசிந்தாவுக்கு,

இன்று மரித்தோர் திருநாள். வங்காலைச் சேமக்காலையில் உன் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து இதை எழுதுகிறேன். வாடைக் காற்று திரியை நிற்க விடவில்லை. திரும்பத் திரும்பக் கொளுத்தினேன், பிறகு விட்டுவிட்டேன். உன் மகள் மெர்லின் வரவில்லை. நீ போனதிலிருந்து அவள் கோயில் வாசல் மிதிக்கவில்லை. நான் வற்புறுத்துவதில்லை. நீயாக இருந்தால் வற்புறுத்தியிருப்பாயா?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். நீ என் அண்ணனைக் கட்டினாய். கடைசிச் சண்டையில் ஊர் ஊராக ஓடியபோது அண்ணன் செல்லடியில் போனான். அப்போது மெர்லின் உன் வயிற்றில் இருந்தாள். திரும்பி வந்து கருவாடு போட்டோம், நண்டு உடைத்தோம், ஒன்றும் வயிற்றுக்குக் காணவில்லை. மிதிவெடி அகற்றும் வேலைக்குப் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நீ பெயர் கொடுக்கப் போனாய். என்னைக் கேட்காமலே என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாய். நான் நாள் முழுக்க உன்னோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் விடிய, பயிற்சிக்குப் போன வேனில் உனக்குப் பக்கத்தில்தான் ஏறி இருந்தேன்.

அந்த வேலை எப்படியென்று வெளியில் பலருக்குத் தெரியாது. பாரமான கவசம், முகத்துக்கு முன்னால் கண்ணாடி மறைப்பு. காணியில் நீளமாக, ஒடுக்கமாக ஒரு பாதை பிரித்துத் தருவார்கள். முழந்தாளில் நின்று டிடெக்டரை ஆட்ட வேண்டும். சத்தம் கேட்டால் மேலிருந்து தோண்டக் கூடாது. பக்கவாட்டில் மெல்ல மெல்ல மண்ணைச் சுரண்டிக்கொண்டு போக வேண்டும். அநேகமாக அது துருப்பிடித்த மீன் ரின் தகரமாக இருக்கும், இல்லாவிட்டால் ஆணி. எனக்கு எரிச்சல் வரும். நீ ஒவ்வொரு ஆணியையும் மிதிவெடியை எடுப்பது போலத்தான் எடுப்பாய். சுப்பவைசர் உன்னுடைய பாதையைச் சரிபார்க்க வரும்போது பாதிப் பயத்தோடுதான் வருவார், அவர் மிதித்த இடத்தை நீ முறைத்துப் பார்ப்பாய் என்று.

ஒருநாள் சோறு சாப்பிடும்போது கேட்டேன், முழந்தாளில் நிற்கும்போது செபம் சொல்கிறாயா என்று. காலமை வேனில் செபமாலை உருட்டுகிறவள்தானே நீ.

"இல்லையடி," என்றாய். "வேலைக்குள்ள செபம் சொன்னா கவனம் சிதறும். பிறகு ஆரோ ஒரு பிள்ளைதான் அதில கால் வைக்கும். ஆண்டவருக்கு அது விளங்கும்."

எங்களோடு வேலை செய்த ஒருத்தி வெடியைக் கண்டால் இது ஆர் வைத்தது, ஆமியா எங்கட இயக்கப் பெடியளா என்று ஆராய்வாள். நீ அந்தக் கதையில் சேருவதில்லை. வைத்தவனை இனித் தேட முடியாது, மிதிக்கப் போகிறவனை நினை என்று மட்டும் சொன்னாய். என் அண்ணனைப் பறிகொடுத்த நீ அதைச் சொன்னபோது எனக்குக் கோபம்கூட வந்தது. உன்னுடைய மனதுக்குள் அந்தக் கேள்வி இருக்கவே இல்லையா? இன்னும் எனக்குத் தெரியாது.

கடைசியாக நாங்கள் நின்றது திருக்கேதீஸ்வரத்துக்கு அங்கால், சிவலிங்கம் ஐயாவின் வயற்காணி. அந்த மனிசன் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தும், சொந்தக் காணிக்குள் கால் வைக்க முடியாமல், றோட்டோரம் தகரக் கொட்டிலில் இருந்தார். மனைவி இல்லை. ஒரு பால்மாடுதான் சீவியம். காலமையில் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்து எங்கள் வேனடியில் நிற்பார். மழைக்கு முன்னம் விதைக்கலாமா பிள்ளையள் என்று கேட்பார். மற்ற நாங்களெல்லாம் அவர் மனம் நோகக் கூடாதென்று ஓம் ஓம் என்போம். நீ மட்டும், "இந்தமுறை ஏலாது ஐயா, எங்களை அவசரப்படுத்தாதேங்கோ" என்றாய். அவருக்கு உன்னில் மனத்தாங்கல். ஆனாலும் தேத்தண்ணிக்குப் பால் கொண்டுவந்தால் உன்னிடம்தான் தருவார்.

அன்றைக்கு அந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வெடி எடுக்காத பக்கத்தை மறித்து நட்ட சிவப்புத் தடிகளைத் தாண்டி உள்ளே போனது. ஐயா பின்னால் ஓடினார். நாங்கள் எல்லோரும் கத்தினோம். அவர் திடுக்கிட்டு நின்றார். எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மாடு தன்பாட்டில் நடந்து மற்றப் பக்கத்தால் வெளியே போய்ப் புல் மேய்ந்தது. அதற்கு ஒன்றும் நடக்கவில்லை, ஜெசி. அதைத்தான் என்னால் இன்னும் சீரணிக்க முடியவில்லை.

சுப்பவைசர் எங்களையெல்லாம் பின்னுக்கு எடுத்தார். ஐயாவுக்கு மிகக் கிட்ட இருந்தது உன் பாதை. அதிலிருந்து அவர் நிற்கும் இடம்வரை புதுப் பாதை திறக்க வேண்டும், வேறு வழியில்லை. உன்னைக் கேட்டார். நீ தலையாட்டினாய். கண்ணாடி மறைப்பை இறக்கிவிட்டு முழந்தாளில் இருந்தாய். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நீ என்ன கதைத்தாய் என்று கேட்கவில்லை. தலையை நிமிர்த்தி அவரோடு ஏதோ சொல்வதும், பிறகு குனிந்து சுரண்டுவதும் தெரிந்தது. வழக்கமான வேகம்தான். ஓடிப் போய் ஆளைத் தூக்கியிருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அவர்களுக்கு இந்த வேலை தெரியாது.

வெயில் ஏறியது. ஐயா காலமை ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நீ அவருக்குக் கிட்ட வந்துவிட்டாய். இன்னும் கொஞ்சம் இருந்தது. அவருடைய கால்கள் ஆடுவதைக் கண்டோம். தலை சுற்றிப் பக்கவாட்டில் சரிந்தார். வெடித்தது.

அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. உனக்குக் கவசம் மறைக்காத கழுத்தில் பட்டது. மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வாகனத்துக்குள், என் மடியில் போய்விட்டாய்.

அடக்கப் பூசையில் பங்குச் சுவாமி நல்லாகத்தான் பிரசங்கம் வைத்தார். வேற்றுச் சமயத்தவருக்காகத் தன்னுயிரையே பலியாகக் கொடுத்த மகள் என்றார். சனம் விம்மி அழுதது. எனக்குள் மட்டும் ஏதோ கொதித்தது. நீ பலியாகப் போகவில்லை. வேலைக்குப் போனாய். பின்னேரம் சமைக்கவென்று சூடைமீன் வாங்கித் தரச் சொல்லியிருந்தாய். மெர்லினின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைக்க இருந்தது. ஆண்டவர் உன்னிடம் கேட்டது அந்தப் பாதையை ஒழுங்காகத் துப்புரவாக்கச் சொல்லித்தானே? நீ அதைத்தானே செய்தாய்? பிறகு ஏன் இப்படி? இதைச் சுவாமியிடம் கேட்டேன். அவர் தனக்கும் தெரியாது என்றார். அன்றிலிருந்து அவரில் எனக்கு மரியாதை கூடியது.

மெர்லின் முன்வரிசையில் அழாமல் இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, "ஆரோ ஒரு ஆளுக்காக அம்மா என்னை விட்டிட்டுப் போயிட்டா" என்றாள். அந்த ஒரு வசனம்தான். அதன்பிறகு உன்னுடைய படத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நான் திரும்ப வேலைக்குப் போனேன். வீட்டில் எல்லோரும் மறித்தார்கள். உன் பாதையை எனக்குத் தரச்சொல்லிக் கேட்டு வாங்கினேன். நீ நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று கிடந்தது. எடுத்தேன். நீ செய்வது போல, பக்கவாட்டில் மெல்ல மெல்லச் சுரண்டி. காணியை முழுக்க முடித்து ஐயாவிடம் கொடுத்தார்கள். போன போகம் குத்தகைக்காரன் ஒருவன் விதைத்து அறுத்தான்.

போன கிழமை ஐயா ஓட்டோவில் வீட்டுக்கு வந்தார். ஊன்றுகோலோடு, ஒரு பை புது அரிசியோடு. நான் கதிரை போட்டேன், அவர் இருக்கவில்லை. மெர்லின் உள்ளே இருந்து வெளியே வந்தாள். ஏசப் போகிறாள் என்று பயந்தேன். அரிசிப் பையை அவள் பார்க்கவே இல்லை.

"கடைசியா அம்மா உங்களோட என்ன கதைச்சவ?" என்று கேட்டாள்.

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தனக்குப் பயத்தில் அழுகை வந்ததாகவும், நீ உன் மகளின் படிப்பைப் பற்றியும் அவருடைய மாட்டைப் பற்றியும் கதை கொடுத்துக்கொண்டே வந்ததாகவும் சொன்னார்.

"கடைசியா, 'அசையாதேங்கோ ஐயா, கிட்ட வந்திட்டன், இரண்டு பேரும் வீட்ட போவம்' எண்டவ பிள்ளை. நான்தான் விழுந்திட்டன்."

அவரை ஓட்டோவில் ஏற்றும்போது மெர்லின் ஊன்றுகோலை வாங்கி உள்ளே வைத்தாள். திரும்பி வந்து படியில் இருந்தாள்.

"மாமி," என்றாள், "அப்ப அம்மா வீட்ட வரத்தான் இருந்தவ, என்ன?"

"ஓம்" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். ஒரு வருசத்து அழுகை. நான் பக்கத்தில் இருந்தேன், வேறு என்ன செய்ய?

இன்றும் அவள் கோயிலுக்கு வரவில்லை. அரிசி குசினி அடுப்படியில் கட்டவிழ்க்காமல் கிடக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

நாளைக்கு விடிய வேன் வரும். இன்னும் காணிகள் மிச்சம் இருக்கின்றன. வேறு ஐயாமார் றோட்டோரம் காத்திருக்கிறார்கள். ஜெசி, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒரு ஆணியைக்கூட அவசரமாக எடுக்க மாட்டேன். ஒவ்வொரு பின்னேரமும், இருக்கிற இரண்டு காலோடும், உன்னுடைய பிள்ளையிடம் வீட்டுக்கு வந்து சேருவேன்.

உன் மெர்லினுக்கு மாமியும்,
உனக்கு என்றைக்கும் மச்சாளுமான,
பிலோமினா